வினைமுற்று வருவதற்குள் அறுபடும் வரி

மதிப்பிற்குரிய ஐயா,

ஆத்தங்குடியில் என் தந்தையார், வீட்டுத் தரையில் பதிக்கும் பூக்கல் செய்கிற பட்டறை நடத்துகிறார். பட்டறைக்காக இன்ஸ்டாகிராமில் நான் எழுதும் பதிவுகளில் படத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். 'அனைவருக்கும் இனிய காலை வணக்கம் நண்பர்களே, பாரம்பரியம் மிக்க நமது செட்டிநாட்டின் பெருமையை உலகுக்குப் பறைசாற்றும் வகையில், தலைமுறை தலைமுறையாக' என்று தொடங்கி எழுதிவந்தேன். முதல் வரி அதிர வேண்டும் என்று நண்பர்கள் சொன்னதால், 'ஆத்தங்குடிக் கல்லின் அதிர்ச்சி ரகசியம்! கடைசி வரை படியுங்கள்!' என்று மாற்றினேன், எனக்கே கூசுகிறது. மழை நாளில் கல் காயாது என்பதால் ஐப்பசி பிறந்தாலே புது ஆர்டர் எடுக்க அப்பா தயங்குவார். அந்த நாட்களில்தான் எனக்கு எழுத நேரம் கிடைக்கிறது. முதல் வரியை எப்படி எழுதுவது?

ஒரு வாசகர், ஆத்தங்குடி

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கூச்சம் நியாயமானது; அதை விட்டுவிடாதீர்கள்.

முதலில் பழைய வரியைப் பார்ப்போம். இன்ஸ்டாகிராம் ஒரு பதிவுக்கு 2200 குறிகள் வரை இடம் தந்தாலும், வாசகர் தொட்டு விரிக்காத வரையில் ஏறக்குறைய முதல் 125 குறிகளையே காட்டுகிறது. 'செட்டிநாடு' என்பது நமக்கு ஐந்து எழுத்து. மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறியும் கணினியின் எழுத்துமுறையான யூனிகோடில் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதால் அங்கே அது பத்து. உங்கள் வரியை எண்ணிப் பார்த்தேன். 'பறைசாற்றும் வகையில்' என்பதிலேயே 120 குறிகள் தீர்ந்துவிடுகின்றன. அதுவரை கல்லும் வரவில்லை, வினைமுற்றும் வரவில்லை.

தமிழில் எழுதுகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வந்து நின்ற பிறகே பொருள் முழுமையடைகிறது. அதற்கு முன் அறுபட்டால் எச்சங்களும் அடைமொழிகளும் அந்தரத்தில் நிற்க, என்ன சொல்ல வருகிறார் என்று அறியாமலேயே படிப்பவர் விலகிவிடுகிறார். ஆகையால் முதல் வாக்கியம் மட்டுமாவது தன் வினைமுற்றோடு அந்தச் சிறு இடத்துக்குள் முடிந்துவிட வேண்டும். அடுத்து வருபவை எவ்வளவு நீண்டாலும் தாழ்வில்லை. வணக்கம் சொல்வது நம் பண்பு என்பதை நான் மறுக்கவில்லை. அதைப் பதிவின் இறுதியில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வரியின் குறை வேறு வகையானது. அது எதையோ மறைத்துவைத்து ஆசை காட்டுகிறது. விரித்துப் படித்தவர் அங்கே அதிர்ச்சி எதையும் காணாதபோது, உங்கள் அடுத்த பதிவையும் அதே கண்ணோடுதான் பார்ப்பார். வீடு கட்டுவதற்காகச் சேர்த்த பணத்திலிருந்து உங்களுக்கு முன்பணம் அனுப்பப்போகிறவர் அவர் என்பதை நினைத்துப் பாருங்கள். லைக் போடுங்கள், நண்பரை டேக் செய்யுங்கள் என்று கேட்டு வாங்கும் பதிவுகளைப் பின்னுக்குத் தள்ளப்போவதாக, இன்ஸ்டாகிராமின் உரிமையாளரான ஃபேஸ்புக் (இன்று மெட்டா) நிறுவனமே 2017 டிசம்பரில் அறிவித்தது. அந்த வழியும் வேண்டாம்.

உங்கள் தொழிலுக்கு மிகைச்சொல் தேவையே இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அறை அறையாக வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் இட்டு, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்துக் கெட்டிப்படுத்தும் கல் அது. பட்டறையில் பிறந்த உங்களுக்கு இவை அன்றாடக் காட்சிகள். கோவையிலோ சிங்கப்பூரிலோ படத்தைப் பார்ப்பவருக்கு இவற்றில் ஒவ்வொன்றும் புதுச்செய்தி. நானாக இருந்தால் இப்படித் தொடங்குவேன்: 'இந்தக் கல்லின் பளபளப்பு பாலிஷ் போட்டதால் வந்ததில்லை, கண்ணாடி மேல் வார்த்ததால் வந்தது.' இடைவெளியும் நிறுத்தக்குறியும் சேர்த்து 85 குறிகள். செய்தி முழுதாகக் கையில் வந்துவிடுகிறது. எனினும் எப்படி வார்க்கிறார்கள் என்ற கேள்வி படிப்பவரிடம் தானாகவே எழுகிறது. ஒன்றை ஒளித்துவைத்து எழுப்பும் ஆவலைவிட, ஒன்றைக் கொடுத்து எழுப்பும் ஆவலையே நான் மதிக்கிறேன்.

'உங்களுக்குத் தெரியுமா?' என்ற தொடக்கத்தையும் தவிர்த்துவிடுங்கள். அதற்குச் செலவாகும் இடத்தில் தெரியவேண்டிய செய்தியையே சொல்லிவிடலாம்.

நீங்கள் தேடும் வரி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மழை நாளில் கல் காயாது என்பதால் ஐப்பசியில் அப்பா ஆர்டர் எடுக்கத் தயங்குவார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் தண்ணீரிலிருந்து எடுத்து வரிசையாக நிறுத்திய கற்களும், வானத்தைப் பார்த்து நிற்கும் ஒரு மனிதரும் என் கண்முன் வந்துவிட்டார்கள். அடுத்த பதிவை அதிலிருந்து தொடங்குங்கள். மழைக்கால ஆர்டருக்கு எத்தனை நாள் கூடுதலாகும் என்பதை அப்பாவிடம் கேட்டு, அதற்கடுத்த வரியிலேயே எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து