மார்மன் சபையை விட்டு வந்துவிட்டேன், கோபம் மட்டும் போகவில்லை. எப்படிச் சமாதானமாவது?

நீங்கள் எழுதியிருப்பது கொஞ்சம்தான்: நம்பிக்கை போய்விட்டது, மார்மன்கள் அதிகம் வாழும் அமெரிக்க மாநிலமான யூட்டாவில் அம்மா அப்பா இன்னும் சபையில் இருக்கிறார்கள், தங்கைக்குக் கல்யாணம் வருகிறது, கோபம் தணியவில்லை. மிச்சத்தை ஊகித்துக்கொள்கிறேன். எட்டு வயதில் ஞானஸ்நானம், பத்தொன்பது இருபதில் மிஷன் (முழுநேர மதப் பிரசாரம்), சம்பளத்தில் பத்தில் ஒன்று தசமபாகம், பர்ஸில் ஆலயத்துக்குள் நுழைய அனுமதிக்கும் பரிந்துரை அட்டை. ஊகம் தவறினால் பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ராஜினாமாக் கடிதத்தை முதல் வேலையாக வைக்காதீர்கள். கோபம் தலைக்கேறிய வாரத்தில் அதை அனுப்பிவிட்டு, பிறகு வீட்டில் நடப்பதைப் பார்த்துத் திகைப்பவர்கள் ஏராளம். உங்களுக்கு அது ஒரு தாள். அம்மாவுக்கு அப்படியில்லை. ஆலயத்தில் செய்யும் முத்திரித்தல் குடும்பத்தைச் சாவுக்கு அப்பாலும் சேர்த்து வைக்கும் என்பது அவர் நம்பிக்கை. ராஜினாமா பதிவானதும் ஞானஸ்நானம், ஆசாரியத்துவம், ஆலய ஆசீர்வாதங்கள் எல்லாம் செல்லாமல் போகும் என்பது சபையின் விதி; திரும்பி வர வேண்டுமானால் மறுபடி ஞானஸ்நானம் பெற வேண்டும். அதனால் அவர் அழுவது ஊர்ப் பேச்சுக்குப் பயந்து அல்ல, பிள்ளையை மறுமையில் தொலைத்துவிட்டோம் என்று. இது புரிந்தால் அந்த அழுகையை மிரட்டலாக எடுத்துக்கொள்வது குறையும். கோபத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

கடிதம் அனுப்பியே ஆக வேண்டும் என்றால், அதற்கு முன் சில வேலைகள். உங்கள் குலபிதா ஆசீர்வாதத்தின் (சபைப் பெரியவர் ஒருவர் உங்களுக்கென்று சொல்லி எழுதிவைத்த ஆசீர்வாதம்) பிரதியை உறுப்பினர் கணக்கு இருக்கும்போதே எடுத்துவையுங்கள். பிற்பாடு வாசிக்கத் தோன்றலாம். காணிக்கை ரசீதுகளை இறக்கிக்கொள்ளுங்கள், வரிக் கணக்குக்கு வேண்டும். வங்கியிலிருந்து தானாகப் போகும் தசமபாகத்தை நிறுத்துங்கள். சபை நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தால் பட்டம் கையில் வரும்வரை பொறுங்கள். அங்கே படிக்க ஆண்டுதோறும் மதத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். வேறு மதத்தவருக்கு அது கிடைக்கும். சபையை விட்டு விலகியவருக்குத்தான் சிக்கல்.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். முழுப்பெயர், பிறந்த தேதி, முகவரி, தெரிந்தால் உறுப்பினர் எண், 'என் உறுப்பினர் பதிவை நீக்கக் கோருகிறேன்' என்ற ஒரு வரி, கையொப்பம், தேதி. உங்கள் வார்டு (உள்ளூர்ச் சபைப் பிரிவு) பிஷப்பிடம் கொடுக்கலாம். நோட்டரி சான்றோடு சால்ட் லேக் சிட்டி தலைமையகத்துக்கும் அனுப்பலாம். காரணம் எழுதத் தேவையில்லை. நாலு பக்கம் எழுதினால் அதற்குப் பதில் சொல்லவே யாராவது கதவைத் தட்டுவார்கள். பதினெட்டு வயது ஆகாதவருக்குப் பெற்றோர் கையொப்பமும் வேண்டும்.

அனுப்பாமலும் இருக்கலாம். அதைக் கோழைத்தனம் என்று இங்கே யாராவது எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் சும்மா போகாமல் நின்றால் பதிவு அப்படியே இருக்கும், வீடு மாறினால் அதுவும் கூடவே புது வார்டுக்கு வரும். பெரும்பாலும் அம்மாதான் புது முகவரியைக் கொடுத்திருப்பார். 'தொடர்புகொள்ள வேண்டாம்' என்று பிஷப்பிடம் எழுத்தில் கேட்டால் பொதுவாக மதிப்பார்கள். பிஷப் மாறும்போது (சுமார் ஐந்தாண்டுக்கு ஒருமுறை) அந்தக் குறிப்பு காணாமல் போகலாம். அப்போது திரும்பவும் கேளுங்கள். கதவைத் தட்டுகிற மிஷன் இளைஞர்களிடம் கத்தாதீர்கள், அவர்கள் கையில் ஒரு பட்டியல் மட்டுமே இருக்கிறது.

அடுத்தது கல்யாணம். சமாதானம் உடைவது பெரும்பாலும் இங்கேதான். பரிந்துரை அட்டை இல்லாதவர் ஆலயத்துக்குள் நடக்கும் திருமணத்தைப் பார்க்க முடியாது. தங்கை கல்யாணத்தில் அண்ணன் வெளியே புல்வெளியில் காத்திருக்க வேண்டும். முன்பு அமெரிக்காவில் சட்டத் திருமணத்தை முதலில் செய்தால் ஆலய முத்திரித்தலுக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2019 மே மாதம் சபை அந்த விதியை நீக்கிவிட்டது. இப்போது காலையில் எல்லோர் முன்னிலையிலும் சட்டத் திருமணம், அதன்பின் ஆலயம் என்று வைத்துக்கொள்ள முடியும். பல குடும்பங்களுக்கு இது தெரியாது, தெரிந்தாலும் 'அது குறைந்த கல்யாணம்' என்ற பழைய எண்ணம் போகவில்லை. அதனால் ஆலயத்தில் நேரம் குறிப்பதற்கு முன்பே, தங்கையிடம் நேராக, ஒரே ஒரு முறை கேளுங்கள். அம்மா வழியாகக் கேட்காதீர்கள். அது உங்களுக்கும் அம்மாவுக்குமான வழக்காகிவிடும். தங்கை மறுத்தால் வெளியே நிற்பதா, வரவேற்புக்கு மட்டும் போவதா என்று முன்கூட்டியே முடிவு செய்து சொல்லிவிடுங்கள். அன்று காலை முடிவெடுத்தால் புகைப்படங்களில் எல்லாம் அது தெரியும்.

வரலாற்றைப் பற்றி வீட்டில் வாதாடி யாரும் சமாதானமானதில்லை. சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தின் பலதார மணம், அவர் தொப்பிக்குள் கல்லை வைத்து மார்மன் நூலை மொழிபெயர்த்தது, 1978 வரை கறுப்பினத்தவருக்கு ஆசாரியத்துவம் மறுக்கப்பட்டது, இவற்றையெல்லாம் 2013 முதல் சபையே தன் இணையதளத்தில் கட்டுரைகளாக வெளியிட்டிருக்கிறது. பெற்றோர் கேட்டால் அதைக் காட்டுங்கள், கேட்காவிட்டால் விடுங்கள். பணத்தைப் பற்றிய கோபம் நியாயமானது. சபையின் முதலீட்டு விவரங்களை மறைத்த விவகாரத்தில் 2023இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் விதித்த 50 லட்சம் டாலர் அபராதத்தைச் சபையும் அதன் முதலீட்டு நிறுவனமும் கட்டின. ஆனால் கொடுத்த தசமபாகம் திரும்பி வராது.

இதைச் சபைக்கு வக்காலத்து என்பார்கள் சிலர், சபையைத் தாக்குகிறேன் என்பார்கள் வேறு சிலர். இரு தரப்பையும் விட எனக்கு ஆற்றாமை தருவது, 'மார்மனா, ஆளுக்கு நாலு பெண்டாட்டியாமே' என்று ஒவ்வொரு பதிலுக்குக் கீழேயும் எழுதுகிறவர்கள். சபை 1890இல் அறிக்கை விட்டுப் பலதார மணத்தைக் கைவிட்டது. இன்று அதைச் செய்பவர்கள் பிரிந்துபோன தனிக் குழுக்கள். விட்டு வந்தவரும் அந்தக் கேலியைத் தாய்தகப்பனுக்காகச் சுமக்க வேண்டியிருக்கிறது.

வீட்டுக்குள் சின்ன விஷயங்கள். சபையில் காபி விலக்கு, அதனால் அம்மா வீட்டுக்குக் காபியோடு போகாதீர்கள். அவர் உங்கள் வீட்டுக்கு வந்தால் காபி மெஷினை ஒளிக்கவும் வேண்டாம். ஆலயச் சடங்கு முடித்தவர்கள் அணியும் புனித உள்ளாடைகளைக் குப்பையில் அப்படியே போடாதீர்கள், பழைய துணிக் கடைக்கும் கொடுக்காதீர்கள். சபை சொல்லும் முறைப்படி அடையாளக் குறிகளை வெட்டி அழித்துவிட்டு மிச்சத்தைப் போடுங்கள். ஐந்து நிமிட வேலை. அவர் கண்ணில் பட்டால் வரும் வேதனை ஐந்து நிமிடத்தில் தீராது.

வார்டு தந்ததை நினைத்து ஏங்கினால் வெட்கப்படாதீர்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சாப்பாடு வந்தது, வீடு மாறும்போது பத்துப் பேர் சாமான் தூக்கினார்கள். அதற்கு மாற்று தானாக வராது. ஞாயிறு காலைக்கு வாராவாரம் அதே ஆட்களோடு ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள்: பாடகர் குழு, உணவு வங்கி, மலையேற்றம். யூட்டாவின் முன்னோடிகள் தினமான ஜூலை 24 விடுமுறையையும் விட்டுக்கொடுக்காதீர்கள். 1847இல் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு நடந்து வந்தவர்கள் உங்கள் முன்னோராக இருந்தால், நம்பிக்கை போனாலும் அந்த உறவு போகாது. அவர்களின் வம்சாவளியைத் தேட ஃபேமிலிசர்ச் தளத்தில் உறுப்பினரல்லாதவருக்கும் இலவசக் கணக்கு உண்டு. அம்மாவோடு சண்டையில்லாமல் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைகளில் அதுவும் ஒன்று.