கடவுச்சொல் சரி, பயனர் பெயர்தான் பிழை

கேள்வி: கந்தோர் மின்னஞ்சலை வீட்டுக் கணினியில் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் போட்டேன். இணையத்தில் ஊழியர் இலக்கமும் கடவுச்சொல்லும் கொடுத்தால் திறக்கிறது, இங்கே அதே கடவுச்சொல்லை ஏற்கவில்லை. மாற்றிப் பார்க்கவா?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: வேண்டாம் சகோதரி, கடவுச்சொல்லைத் தொடாதீர்கள். நீங்கள் முகவரியை அடித்ததும் தண்டர்பேர்ட் அதிலிருந்தே பயனர் பெயரை ஊகித்து நிரப்பிவிடுகிறது, உங்கள் கந்தோர்ச் சேவையகமோ ஊழியர் இலக்கத்தைத்தான் எதிர்பார்க்கிறது, அதனால்தான் இந்தத் தகராறு. கைமுறை அமைப்புக்குப் போய், பயனர் பெயர்ப் பெட்டியில் இருப்பதை அழித்துவிட்டு இலக்கத்தை எழுதுங்கள். முன்னால் பின்னால் ஒரு இடைவெளிகூட ஒட்டியிருக்கக் கூடாது. ஐமேப் (கடிதங்களைச் சேவையகத்திலேயே வைத்துப் படிக்கும் முறை) என்றால் போர்ட், அதாவது இணைப்பு எண், 993.

இதோடு விட்டால் கடிதம் வரும், ஆனால் போகாது! வெளிச்செல்லும் சேவையகத்துக்குத் தனியாக ஒரு பயனர் பெயர்ப் பெட்டி இருக்கிறது, பலரும் தவறவிடுவது அதைத்தான். அங்கேயும் இலக்கமே. இணைப்புப் பாதுகாப்பு முறை, போர்ட் 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ், 465 என்றால் எஸ்எஸ்எல். அனுப்புநர் முகவரி மட்டும் முழு மின்னஞ்சலாகவே இருக்கட்டும்.

அப்புறமும் மறுத்தால், இலக்கத்துக்கு முன்னால் வேறு ஏதும் சேர்க்க வேண்டுமா என்று கந்தோரில் கேளுங்கள், சில இடங்களில் அப்படியும் உண்டு.