‘செட்’ வந்தாலே ‘வில்’ ‘வுட்’ ஆகணுமா?

கேள்வி: வாடிக்கையாளர் போனில் சொன்னதை மேலதிகாரிக்கு ‘தி கிளையன்ட் செட் ஹி வில் பே ஆன் ஃப்ரைடே’ என்று மெயில் அனுப்பினேன். ‘வில்’ தப்பு, ‘வுட்’ போடுங்கள் என்கிறார். ஆனால் இங்கிலீஷ் பேப்பரில் ‘செட்’ போட்ட வாக்கியத்திலேயே ‘வில்’ வருகிறதே, எது சரி?

பதில்: நீங்கள் மெயில் அனுப்பியபோது அந்த வெள்ளிக்கிழமை இன்னும் வரவில்லை என்றால் இரண்டுமே சரி. சனிக்கிழமை உட்கார்ந்து எழுதினால் ‘வில்’ நிற்காது, ‘வுட்’தான்.

நமக்கு இது குழப்புவதற்குக் காரணம் இருக்கிறது. தமிழில் “வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று சொன்னார்” என்போம்; அவர் வாயில் வந்ததை அப்படியே வைத்து ‘என்று’ போட்டுவிட்டால் வேலை முடிந்தது, காலமும் மாறாது, ‘நான்’ ‘அவர்’ ஆகவும் வேண்டாம். இங்கிலீஷில் மேற்கோள் குறியை எடுத்துவிட்டால் பேசுவது நீங்கள் ஆகிவிடுகிறீர்கள், அதனால் ‘ஐ’ ‘ஹி’ ஆகிறது, ‘செட்’ இறந்தகாலம் என்பதால் அதற்குப் பின்னால் வரும் வினையும் ஒரு படி பின்னால் போகிறது: ‘இஸ்’ ‘வாஸ்’ ஆகும், ‘கேன்’ ‘குட்’ ஆகும், ‘வில்’ ‘வுட்’ ஆகும். ‘செட்’டுக்குப் பதில் ‘சேஸ்’ போட்டால் வினை எதுவும் நகராது.

ஆனால் சொன்ன விஷயம் நீங்கள் எழுதும் நேரத்திலும் உண்மையாகவே இருந்தால் நகர்த்தாமல் விடலாம். ‘தி டாக்டர் செட் ஐ ஹேவ் டயபடீஸ்’ என்பதில் தப்பே இல்லை, சர்க்கரை இன்றும் இருக்கிறதே. பேப்பரில் நீங்கள் பார்க்கும் ‘வில்’லும் இதே கணக்குதான், திட்டம் இன்னும் நடக்கவில்லை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு: ‘வில் பே’ என்றால் பணம் வரும் என்று நீங்களும் நம்புவதுபோல் தொனிக்கும், ‘வுட் பே’ என்றால் அவர் சொன்னார், அவ்வளவுதான். அந்த ஆள் ஏற்கெனவே இழுத்தடித்தவர் என்றால் உங்கள் மேலதிகாரி சொல்வதுதான் நல்லது, பணம் வராவிட்டாலும் வாக்கியம் உங்கள் தலையில் விடியாது.

இறந்தகாலத்தை ‘ஹேட்’ போட்டு இன்னும் பின்னால் தள்ளுவதில்தான் பலரும் அதிகம் சிக்குகிறார்கள். ‘ஹி செட் ஹி வாஸ் பார்ன் இன் 1990’ போதும், வருஷமே காலத்தைச் சொல்லிவிடுகிறது, அங்கே ‘ஹேட் பீன் பார்ன்’ வீண் சுமை. ஆனால் ஒரு பெண் “ஐ லிவ்ட் இன் மதுரை” என்று சொல்லியிருக்க, நீங்கள் ‘ஷி செட் ஷி லிவ்ட் இன் மதுரை’ என்று எழுதினால், படிப்பவர் அவர் அப்போதும் மதுரையில்தான் குடியிருந்தார் என்று எடுத்துக்கொள்வார். அங்கே ‘ஹேட் லிவ்ட்’ கட்டாயம் வேண்டும். அர்த்தம் மாறுமா என்று பாருங்கள், மாறாது என்றால் ‘ஹேட்’ வேண்டாம்.

‘டுமாரோ’வும் அப்படித்தான்; அன்றைக்கே எழுதினால் ‘டுமாரோ’, நாள் கடந்துவிட்டால் ‘தி நெக்ஸ்ட் டே’. ‘வுட்’, ‘குட்’, ‘ஷுட்’, ‘மைட்’ எல்லாம் இருந்தபடியே இருக்கும்.

இதெல்லாம் மெயிலுக்கும் பேச்சுக்கும். வீட்டில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தால் இந்தச் சலுகையைச் சொல்லித்தராதீர்கள், அங்கே பூமி சூரியனைச் சுற்றுகிறது போன்ற நிரந்தர உண்மைகளைத் தவிர எல்லாவற்றையும் மாற்றினால்தான் மார்க்.

அப்புறம், ‘ஹி டோல்ட் தட்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ‘டோல்ட்’ வந்தால் யாரிடம் சொன்னார் என்பதும் கூடவே வரணும்: ‘ஹி டோல்ட் மீ தட்’.