ஜிப்சம் போர்டு சுவரில் டவல் ரெயில்: கேள்வி பதில்

கேள்வி: குளியலறைச் சுவர் ஜிப்சம் போர்டு. தட்டினால் டொக் டொக்கென்று கேட்கிறது. சூடாகும் டவல் ரெயில் வாங்கிவிட்டேன். எங்கே ஓட்டை போடுவது?

பதில்: ஓட்டை அப்புறம். முதலில் ஸ்டட்டை, அதாவது போர்டுக்குப் பின்னால் நிற்கும் செங்குத்துச் சட்டத்தை, தேடுங்கள். போர்டு பெரும்பாலும் 12.5 மி.மீ. கனம்தான், இரண்டு காகிதத்துக்கு நடுவே சாக்பீஸ் மாதிரி ஜிப்சம். பளுவைத் தாங்குவது அந்தச் சட்டம்தான். வலுவான சின்னக் காந்தத்தை நூலில் கட்டி, சுவரையொட்டி மெல்ல நகர்த்துங்கள். போர்டைப் பிடித்திருக்கும் ஸ்குரூ தலைக்கு எதிரே வந்ததும் போய் ஒட்டிக்கொள்ளும். அதற்கு நேர் மேலும் கீழும் ஒட்டினால் அங்கே ஸ்டட் ஓடுகிறது. அடுத்தது வழக்கமாக 40 அல்லது 60 செ.மீ. தள்ளி இருக்கும். சுவிட்சுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளைக்காதீர்கள். வயர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும்.

கேள்வி: ஸ்டட் கிடைத்துவிட்டது. ஆனால் ரெயிலின் கால்கள் அதன்மேல் உட்காரவில்லை.

பதில்: பலருக்கும் இதே கதைதான். இரண்டு ஸ்டட்டுக்கு நடுவே குறுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். போர்டை வெட்டித் திறந்து, கட்டையின் இரு முனையையும் ஸ்டட்டில் ஸ்குரூ அடித்து, போர்டை மூடிப் பூசுங்கள். டைல் ஒட்டிய சுவரா? மறுபக்கத்து அறையிலிருந்து திறங்கள், டைல் தப்பிக்கும். இவ்வளவு வேலை வேண்டாம் என்றால், இரண்டு ஸ்டட்டையும் பிடிக்கும் நீளத்தில் பெயின்ட் அடித்த பலகையை வெளியே மாட்டி, அதன்மேல் ரெயிலை வையுங்கள். பார்க்கவும் நன்றாகவே இருக்கும்.

கேள்வி: வலுவான பசை போட்டு ஒட்டலாமா?

பதில்: பசை பிடிப்பது பெயின்டையும் காகிதத்தையும். அவற்றோடு சேர்ந்தே கழன்று வரும்.

கேள்வி: வயரிங் நானே செய்யலாமா?

பதில்: என் துறை இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: ஸ்டட்டைத் தேடாமல் போர்டில் வெறும் ஆங்கர் (துளையில் செருகி ஸ்குரூவைப் பிடிக்க வைக்கும் பிளக்) போட்டால் போதாதா? பாக்கெட்டில் ஒன்றுக்கு 20 கிலோ என்று போட்டிருக்கிறது. நாலு போட்டால் 80. ரெயில் 12 கிலோ. நீங்கள் சும்மா பயமுறுத்துகிறீர்கள்.

பதில்: 12 கிலோ காலி ரெயில். வெந்நீர் ஓடும் வகையானால் ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ சேருங்கள், அப்புறம் ஈரத் துண்டுகள். பாக்கெட்டில் இருப்பது நல்ல போர்டில், அசையாத பளுவுக்கு. அதை நாலால் பெருக்கக் கூடாது. நாலும் பளுவைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளாது.

அதே நபர்: அப்படியே வைத்துக்கொண்டாலும் உயரமான ரெயிலில் பளு கீழ்நோக்கித்தானே? வெளியே இழுக்கும் விசை கொஞ்சம்தான்.

பதில்: சரி, இந்தக் கணக்கு உங்களுடையது சரி. சும்மா தொங்கும்போது மேல் ஸ்குரூவை வெளியே இழுக்கும் விசை குறைவுதான். ஆனால் குளியலறையில் சும்மா தொங்க விடுவது யார்? ஈரத் தரையில் கால் வழுக்குகிறவர் கை போகும் முதல் இடம் அந்தக் கம்பி. அது நேராக வெளியே இழுக்கும் இழுப்பு. தினமும் துண்டை உருவும்போதும் ஆங்கர் மயிரிழை அசைகிறது, ஜிப்சம் பொடியாகிறது, துளை பெரிதாகிறது. கழன்ற ரெயிலுக்குக் கீழே வெள்ளைப் பொடி கிடக்குமே, அதைப் பார்த்திருக்கிறீர்களா?

அதே நபர்: ஸ்பிரிங் டாகிள் போட்டால்?

பதில்: பிளாஸ்டிக் பிளக்கைவிட எவ்வளவோ மேல். போர்டின் பின்பக்கம் இறக்கை விரித்துப் பளுவைப் பரப்பும். லேசான மின்சார ரெயிலுக்கு, வேறு வழியே இல்லையென்றால், சரி என்பேன். ஈரம் ஏறிய போர்டில் அதுவும் காப்பாற்றாது.

கேள்வி: டைல் மேல் துளைப்பது எப்படி?

பதில்: டைமண்ட் பிட், சுத்தியல் மோட் அணைத்து, மெதுவாக. ஸ்குரூ போடுமுன் துளையில் கொஞ்சம் சிலிக்கோன் சீலன்ட் விடுங்கள், தண்ணீர் போர்டுக்குள் இறங்காது.

கேள்வி: என்னுடையதும் ஜிப்சம் போர்டுதான். எந்த பிளக் வாங்கட்டும்?

பதில்: காந்தம் வாங்குங்கள்.