பெருங்குடல் புற்றுநோயும் கணினிக் கணிப்பும்: கேள்வி பதில்

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகளின் ஆயுளை இயந்திரக் கற்றல் (பழைய தரவிலிருந்து கணினி தானே கற்றுக்கொள்ளும்) முறைகளால் கணிப்பது குறித்து வந்த கேள்விகளுக்கு, புதுச்சேரியில் மருத்துவப் புள்ளியியல் கற்பிப்பவன் என்ற முறையில் விடையளிக்கிறேன்.

என் தந்தைக்கு மூன்றாம் நிலை மலக்குடல் புற்றுநோய். அறிக்கையைக் கொடுத்தால் எத்தனை ஆண்டுகள் இருப்பார் என்று கணினி சொல்லுமா? (வில்லியனூர்)

சொல்லாது, ஐயா. அவரைப் போன்ற நூறு பேரில் ஐந்தாண்டு கடந்து வாழ்பவர்கள் ஏறத்தாழ எத்தனை பேர் என்பதை மட்டுமே அது கூறும். அவர்களுள் உங்கள் தந்தை ஒருவரா என்பதை அது அறியாது. இணையக் கணிப்பான்களில் அறிக்கை எண்களைத் தட்டி, வருகிற மாதக் கணக்கை வீட்டில் சொல்லாதீர்கள். சிகிச்சை தரும் மருத்துவரிடமே கேளுங்கள்.

கணிப்புக்கு எந்தத் தகவல்கள் அதிகம் உதவுகின்றன? (செவிலியர், மஞ்சக்குப்பம்)

முதலிடம் நோயின் நிலைக்கே. அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, நோய் குடலோடு நின்றவர்களில் சுமார் 90 விழுக்காட்டினரும், தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவியவர்களில் சுமார் 15 விழுக்காட்டினரும் ஐந்தாண்டைக் கடக்கிறார்கள். அடுத்தது நிணநீர்க் கணுக்கள். குறைந்தது 12 கணுக்களையாவது ஆராய்ந்திருக்க வேண்டும். ஐந்தை மட்டும் பார்த்துவிட்டு ‘பரவவில்லை’ என்று எழுதிய அறிக்கையை நம்பிக் கணிப்பு மாதிரி கட்டினால், அது கணுக்களுக்கு நோய் பரவிய மூன்றாம் நிலை நோயாளிகள் சிலரை இரண்டாம் நிலையாகவே கற்றுக்கொள்ளும். வயது, இரத்தத்தில் சிஇஏ எனும் புற்றுநோய்க் குறிப்பான் புரதத்தின் அளவு, குடல் அடைப்பால் அவசரமாக அறுவை நடந்ததா என்பது, பிராஃப் மரபணு மாற்றம் ஆகியவையும் பயன்படும்.

பலாப்பழம் அதிகம் உண்டால் இந்நோய் வருமா? (பண்ருட்டி)

இது என் துறை அன்று. மருத்துவரையோ உணவியலாளரையோ கேளுங்கள்.

ஐந்தாண்டு இருப்பாரா, மாட்டாரா என்று ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களின் விடைகளைக் கூட்டிக் கணிக்கும் முறை) கொண்டு வகைப்படுத்தி 90 விழுக்காடு துல்லியம் பெற்றேன். உயிர்வாழும் காலத்தை ஆராய 1972இல் வந்த காக்ஸ் மாதிரியை இன்னும் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்? (மென்பொருள் பொறியாளர், நெய்வேலி)

உங்கள் தரவில் நூற்றுக்கு 88 பேர் உயிரோடிருந்தால், எதையும் கற்காமல் ‘எல்லோரும் பிழைப்பார்கள்’ என்று சொல்லும் நிரலுக்கும் 88 விழுக்காடு துல்லியம் கிடைக்கும். அதைவிடப் பெரிய கேள்வி, இரண்டாம் ஆண்டோடு மருத்துவமனைக்கு வராமல் போனவர்களை எந்தக் கட்டத்தில் போட்டீர்கள் என்பது.

அவர்களை நீக்கிவிட்டேன். விவரம் இல்லாதவர்களை வைத்து என்ன செய்வது? (அவரே)

சிக்கலே அங்குதான். இரண்டாண்டு உயிரோடிருந்தார் என்பதும் ஒரு விவரம். அதைத்தான் காக்ஸ் மாதிரியும், காலம் செல்லச் செல்ல எத்தனை விழுக்காட்டினர் உயிரோடிருக்கிறார்கள் என்பதை வரைகோடாகக் காட்டும், 1958இல் வந்த கப்லான்–மேயர் முறையும் பயன்படுத்துகின்றன. உங்கள் ரேண்டம் ஃபாரஸ்ட்டின் உயிர்வாழ்வு வடிவமாக 2008இல் வெளியான ரேண்டம் சர்வைவல் ஃபாரஸ்ட்டும் அவ்வாறே செய்கிறது. ஆகவே மரங்களோடு எனக்குப் பகையில்லை. ஐந்தாண்டுக்குள் இறந்தவர்களின் இறப்பு தெரிந்துவிடுகிறது; பிழைத்திருந்தும் தொடர்பு விட்டவர்கள் கணக்கிலிருந்து வெளியேறுகிறார்கள். இப்படி நீக்கினால் இறப்பு விகிதம் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். மறுபுறம், வராதவர்களையெல்லாம் உயிரோடிருப்பவர்களாக வைத்தால் விகிதம் குறைந்துவிடும். கடலூரிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ புதுச்சேரிக்கு வரும் கூலித்தொழிலாளி ஒருவர், உடல் மிகவும் தளர்ந்த பின் பேருந்து ஏறமாட்டார், வீட்டிலேயே இறந்துவிடுவார், கைப்பேசி எண்ணும் மாறியிருக்கும். வராமை என்பதே நோயின் போக்கோடு கட்டுண்டிருக்கும்போது காக்ஸ் மாதிரியும் தடுமாறும். சென்னையில் 1982 முதல் அடையாறு புற்றுநோய் நிலையம் நடத்தும் பதிவேடு இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இதனால்தான். நிரலை மாற்றுவதற்கு முன் தொலைபேசியை எடுங்கள்.

என் அத்தைக்கு நான்காம் நிலை. எத்தனை மாதங்கள்? (லாஸ்பேட்டை)

வில்லியனூர்க்காரருக்குச் சொன்னதே, அம்மா. கணிப்பானைத் தொடாதீர்கள்.

நெய்வேலி நண்பருக்கு ஆதரவாகக் கேட்கிறேன். எங்கள் மாதிரியில் கீமோ 12 சுற்றும் முடித்தவர்களே நெடுநாள் வாழ்கிறார்கள் என வலுவாக வந்தது. பழைய முறைகள் இதைக் காட்டவில்லையே? (ஆய்வு மாணவர், சிதம்பரம்)

காட்டாததே நல்லது. அறுவைக்குப் பின் 12 சுற்று முடிய ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஆகும். மூன்றாம் மாதத்தில் இறந்தவரால் 12 சுற்று முடிக்க இயலாது. அப்படியானால் ‘12 சுற்று முடித்தார்’ என்ற தகவல், ஆறு மாதம் உயிரோடிருந்தார் என்பதையே வேறு பெயரில் சொல்கிறது. விடையை வினாவுக்குள் வைத்துவிட்டு மாணவனைப் பாராட்டுகிறீர்கள். அறுவை நாளிலிருந்து கணித்தால் அன்று தெரிந்தவற்றை மட்டும் கொடுங்கள். கீமோவின் பங்கை அறிய வேண்டுமானால் ஆறாம் மாதத்தில் உயிரோடிருப்பவர்களிடமிருந்து கடிகாரத்தைத் தொடங்குங்கள்.

எந்த மென்பொருள் நல்லது? (முதலியார்பேட்டை)

ஆர் எனும் கணினி நிரல்மொழியின் ‘சர்வைவல்’ தொகுப்பு. இலவசம்.

அமெரிக்கத் தரவில் பயின்ற மாதிரியை நம் நோயாளிகளுக்கு அப்படியே பயன்படுத்தலாமா? சி-இண்டெக்ஸ் நன்றாகவே வருகிறது. (மருத்துவர், கடலூர்)

அப்படியே வேண்டாம். சி-இண்டெக்ஸ், இருவரில் யாருக்கு ஆபத்து அதிகம் என்ற வரிசையை மட்டுமே சோதிக்கிறது. வரிசை சரியாக இருந்துகொண்டே, 60 விழுக்காடு பிழைப்பார்கள் என்று சொல்லவேண்டிய இடத்தில் 80 என்பதுபோல் எல்லோருக்கும் கூட்டியே சொல்லும் மாதிரிக்கும் அதே மதிப்பெண் கிடைக்கும். உங்கள் நோயாளிகளைக் கணித்த விகிதத்தின்படி குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலும் உண்மையில் எத்தனை பேர் உயிரோடிருந்தார்கள் என்பதைக் கப்லான்–மேயர் வரைகோட்டோடு ஒப்பிடுங்கள். விலகல் எல்லாக் குழுக்களிலும் ஒரே பக்கமாக இருந்தால், அடிப்படை ஆபத்து அளவை (எல்லோருக்கும் பொதுவான தொடக்க அளவை) மட்டும் உள்ளூர்த் தரவால் திருத்தினால் பெரும்பாலும் போதும். குழுவுக்குக் குழு மாறினால் மாதிரியைப் புதிதாகவே கட்ட வேண்டியிருக்கும்.