அடிதடியில் காயம்பட்டால் முதலில் போக வேண்டியது காவல் நிலையமா, ஆஸ்பத்திரியா?

ஆஸ்பத்திரிதான், யோசிக்கவே வேண்டாம். ஆனால் அங்கே போய் என்ன சொல்கிறோம் என்பதில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நாங்களும் விட இருந்தோம்.

சில வருடங்களுக்கு முன் வாய்க்கால் தகராறில் என் தம்பியை இரண்டு பேர் கட்டையால் அடித்துவிட்டார்கள். துண்டை நாலாக மடித்துத் தலைக்காயத்தில் அழுத்திப் பிடித்தபடி பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோனோம். 108ஐ அழைத்திருக்க வேண்டும், அந்தப் பதற்றத்தில் தோன்றவில்லை. (கத்தி ஏதாவது குத்தியபடி நின்றால் பிடுங்கிவிடாதீர்கள், ரத்தம் பீறிடும். டாக்டர்தான் எடுக்க வேண்டும்.)

பக்கத்திலிருந்த தனியார் மருத்துவமனையில் வாசலிலேயே, "இது போலீஸ் கேஸ், ஜி.எச்.சுக்குப் போயிடுங்க" என்றார்கள். அதற்குள் துண்டு ஊறி, என் மணிக்கட்டு வரை ரத்தம் வழிந்துவிட்டது. அப்படித் திருப்பி அனுப்ப அவர்களுக்கு உரிமை கிடையாது. அரசு மருத்துவரோ தனியாரோ, உயிரைக் காப்பதுதான் முதல் கடமை, போலீஸ் நடைமுறையைக் காட்டிச் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது என்று 1989லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரத்தத்தை நிறுத்திவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்து அனுப்புவது வேறு. எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் தொடுவோம் என்றால் இந்தத் தீர்ப்பைச் சொல்லிக் கேளுங்கள்.

ஜி.எச்.சில் காயத்தைச் சுற்றி முடியை மழித்து, ஏழு தையல் போட்டு, டி.டி. ஊசியும் போட்டார்கள். அப்புறம் டியூட்டி டாக்டர் பெரிய நோட்டு ஒன்றை விரித்து, "எப்படி ஆச்சு?" என்றார். கூட வந்த சித்தப்பா என் காதில், "கீழே விழுந்துட்டான்னு சொல்லிடு, கோர்ட்டுக்கெல்லாம் யாரு அலையறது" என்றார். நானும் வாயைத் திறந்துவிட்டேன். தம்பி முந்திக்கொண்டு, "தெரிஞ்சவங்க ரெண்டு பேரு சார், கட்டையால அடிச்சாங்க. ஆறரை மணி இருக்கும்" என்றான்.

அந்த நோட்டுதான் விபத்துப் பதிவேடு, ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர். அதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்பார்கள். அடித்தவர் தெரிந்தவரா, எத்தனை பேர், எதனால் அடித்தார்கள், எங்கே, எப்போது, காயத்தின் நீள அகலம், அடையாளத்துக்கு இரண்டு மச்சம் வரை அதில் ஏறும். காவல் நிலையத்துக்குத் தகவலும் அங்கிருந்தே போகும். பின்னாளில் எதிர்த்தரப்பு வக்கீல் தேடிப் பிடிப்பது இந்தக் காகிதத்தைத்தான். அதில் 'தவறி விழுந்தார்' என்று இருந்துவிட்டால் அப்புறம் என்ன சொன்னாலும் நம்பவைப்பது கஷ்டம். கோபத்தில் அங்கே இல்லாதவனையும் சேர்த்து நாலு பேர் என்று சொன்னாலும் வழக்கு கெட்டுப்போகும். நடந்ததை மட்டும் சொல்லுங்கள்.

வலிக்கிற இடம் எல்லாவற்றையும் காட்டுங்கள், ஊமைக்காயத்தையும் விடாதீர்கள். எங்கள் கவனம் முழுக்கத் தலையில்தான் இருந்தது. கை வீங்கியிருப்பதை நர்ஸ்தான் பார்த்தார். எக்ஸ்ரேயில் மோதிர விரல் எலும்பு முறிந்திருந்தது. எலும்பு முறிந்தாலோ பல் போனாலோ சட்டப்படி அது கொடுங்காயம், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 116ஆம் பிரிவில் அப்படித்தான் இருக்கிறது. தண்டனையும் கூடும்.

ரத்தக்கறை படிந்த சட்டையைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். எங்கள் அம்மா அன்று ராத்திரியே அலசிக் காயப்போட்டுவிட்டார், மறுநாள் போலீஸ் வந்து அதைத்தான் கேட்டார்கள்.

தலையில் அடிபட்டிருந்தால் தையல் போட்டதும் கிளம்பிவிடாதீர்கள். வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல், காதிலோ மூக்கிலோ தண்ணீர் போல வடிதல், எதைக் கண்டாலும் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். தம்பியை அன்றிரவு வார்டிலேயே வைத்திருந்தார்கள். நர்ஸ் அவ்வப்போது வந்து டார்ச் அடித்துக் கண்மணியைப் பார்த்துவிட்டுப் பெயர் கேட்பார். முதல் இரண்டு தடவை முனகினான். மூன்றாவது தடவை எரிச்சலோடு இனிஷியல் சேர்த்து முழுப்பெயரையும் சொன்னான். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.