நூறு பவுன் வேண்டாம் என்று சொல்வது

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

எனக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. குவைத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டில் பெண் பார்த்து, நூறு பவுனும் ஒரு காரும் என்று தரகர் வழியாகப் பேசி முடித்துவிட்டார்கள். பெண்ணின் அப்பா ரப்பர் தோட்டத்தை ஈடு வைத்துத்தான் இதைச் செய்யப்போகிறார் என்று அப்புறம் தெரிய வந்தது. எனக்கு எதுவும் வேண்டாம் என்றேன். "நீ வேண்டாம்னு சொன்னா உனக்க தங்கச்சிக்கு நாம எங்க போயி போடுவோம் மக்கா?" என்று அம்மா அழுகிறார். லீவில் வரும்போதெல்லாம் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுப்பவன் நான். 'மனுஷன் உலகம் முழுவதையும் ஆதாயப்படுத்திக்கொண்டாலும், தன் ஜீவனை நஷ்டப்படுத்தினால் அவனுக்கு லாபம் என்ன?' என்ற வசனத்தைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். என் வீட்டில் அதைச் சொன்னால் யாருக்கும் ஏறவில்லை. என் விசுவாசத்துக்காகத் தங்கையின் வாழ்க்கையைப் பணயம் வைக்கலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

கடைசியாகக் கேட்டீர்களே, அந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு எழுதுகிறேன். வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் 1961 முதல் சட்டப்படி குற்றம். அது உங்களுக்கும் தெரியும், தரகருக்கும் தெரியும். அதைச் சொல்லி உங்கள் அம்மாவைத் தேற்ற முடியாது.

குடி, லஞ்சம் எல்லாம் வரும்போதே சோதனை என்று தெரிந்துவிடும். பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டு நமக்கு அந்த முகங்கள் பழக்கம். சீதனம் அப்படி வருவதில்லை. அம்மாவின் கண்ணீராக வருகிறது, தங்கையின் எதிர்காலமாக வருகிறது. நம் வீடுகளில் ஜெபம் பண்ணித்தான் கல்யாணப் பேச்சைத் தொடங்குகிறார்கள். பவுன் கணக்கு ஒத்துவந்ததும் ஸ்தோத்திரம் சொல்லி முடிக்கிறார்கள். நடுவில் ஒரு தகப்பன் தோட்டத்தை ஈடு வைப்பது அந்த ஜெபத்தில் யார் காதிலும் விழுவதில்லை. இது எனக்குத் தாங்க முடியாத வேதனை. மார்பை மறைக்கத் தோள்சீலை போட்டதற்காக அடிபட்ட பெண்கள் வாழ்ந்த மண் இது. 1859இல் திருவிதாங்கூர் அரசு இறங்கிவரும் வரை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்களுடைய பேத்திகளை நாம் பவுனில் நிறுக்கிறோம்.

நட்டாலம் உங்கள் ஊருக்குப் பக்கம்தானே. தேவசகாயம் பிள்ளையின் ஊர். அவர் கத்தோலிக்கர், நீங்கள் சி.எஸ்.ஐ. என்று தள்ளி வைக்காதீர்கள், இந்த மாவட்டத்துக் கிறிஸ்தவர் எல்லோருக்கும் அவர் சொந்தம். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசில் அதிகாரியாக இருந்தவர். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய் மூலம் கிறிஸ்துவை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1749இல் சிறைப்பட்டார். எருமையின் மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப்போனார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று அவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கப்பட்டபோது மாவட்டமே கொண்டாடியது.

அந்தக் கொண்டாட்டத்தில் அவர் மனைவி ஞானப்பூவைப் பற்றி அதிகம் பேசவில்லை என்பது என் குறை. பதவியும் வீடும் போனது தேவசகாயத்துக்கு மட்டுமா? ஞானப்பூவுக்கும் போனது. ஊரைவிட்டு வடக்கன்குளத்துக்குப் போய் அங்கேயே வாழ்ந்து மறைந்தார். ஆனால் அவர் கணவனுக்காக மட்டும் அதைச் சுமக்கவில்லை. அவரும் ஞானஸ்நானம் பெற்றவர், அந்த விசுவாசம் அவருடையதும்தான். உங்கள் கேள்விக்கு என் பதில் இங்கே இருக்கிறது. ஒருவன் விசுவாசத்துக்காக விடுவதில் கூட இருப்பவர்களின் பங்கும் போகிறது. அதை மறைக்கக் கூடாது. அவர்களைக் கேட்காமல் அவர்கள் பங்கையும் நாமே எடுத்துக் கொடுத்துவிடவும் கூடாது. உங்கள் கடிதத்தில் அம்மா பேசுகிறார், தரகர் பேசுகிறார். தங்கை ஒரு வார்த்தை பேசவில்லை. அவரிடம் கேட்டீர்களா? நூறு பவுன் எதிர்பார்த்து வரும் ஒருவனோடு வாழ அவருக்கு விருப்பமா என்று யாராவது கேட்டார்களா? அவருக்கும் அதே வசனம் தெரியும், ஒருவேளை உங்களிடமே படித்திருப்பார்.

அதற்காக, தங்கையின் கல்யாணச் செலவைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் நான் சொல்லவில்லை. குவைத்தில் நீங்கள் உழைத்துச் சம்பாதிக்கும் பணத்தில் பாவம் ஒன்றும் இல்லை. அவருக்கு மேற்படிப்போ ஒரு வேலையோ கிடைக்கச் செலவு செய்யுங்கள், பெயரில் ஒரு துண்டு நிலம் வாங்கிப் போடுங்கள். இன்னொரு வீட்டுத் தோட்டத்தை எடுத்து உங்கள் வீட்டுக் கடமையைத் தீர்ப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். நெய்யூர் ஆஸ்பத்திரியில் சோமர்வெல் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1922இல் எவரெஸ்ட் ஏற வந்தவர். மலையிலிருந்து இறங்கி இந்தியாவைச் சுற்றிப் பார்க்கும்போது நெய்யூர் வந்தார். அங்கே காத்திருந்த நோயாளிக் கூட்டத்தையும், அவர்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல் தவித்த நண்பரையும் பார்த்தார். லண்டனில் பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்கு நல்ல எதிர்காலம் காத்திருந்தது. அதை விட்டுவிட்டு நெய்யூருக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் அறுவை சிகிச்சை செய்தார். இதை மட்டும் கவனியுங்கள்: அவர் முதலில் லண்டனை வெறுக்கவில்லை. முதலில் நெய்யூரைப் பார்த்தார். எபிரெயர் 11ஆம் அதிகாரத்தில் மோசேயைப் பற்றியும் அப்படித்தான் இருக்கிறது. எகிப்தின் பொக்கிஷங்களைவிடக் கிறிஸ்துவினிமித்தம் வரும் நிந்தையை அதிக பாக்கியமென்று எண்ணினான் என்கிறது. அவனும் பார்வோன் குமாரத்தியின் மகன் என்ற வீட்டு உறவைத்தான் விட்டுவந்தான். அடுத்த முறை பிள்ளைகளுக்கு அந்த அதிகாரத்தையும் எடுங்கள். ஆதாயம், நஷ்டம் என்று மட்டும் சொன்னால் பிள்ளைகளுக்கு நஷ்டம்தான் மனதில் நிற்கும்.

சரி, இனி செய்ய வேண்டியது. தங்கையிடம் முதலில் பேசுங்கள், அப்புறம் அம்மாவிடம். அம்மா அழுவதைப் பேராசை என்று நினைத்துவிடாதீர்கள், அவருக்கு இருப்பது பயம். சபையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பதற்கு முன்னால் பெண் வீட்டுக்கு நீங்களே போய், அந்தப் பெண்ணும் இருக்கும்போது, உங்கள் வாயால் சொல்லுங்கள். தரகரிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். அவர் வழியாகப் போனால், ஒன்றும் வேண்டாம் என்கிற மாப்பிள்ளைக்கு ஏதோ குறை இருக்கிறது என்றுதான் அந்த வீட்டில் எடுத்துக்கொள்வார்கள்.